இடது மூன்று, வலது நான்கு

வெர்லீன் டாட்லாக் எந்த ஆமையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் பின்னங்கால்களைத்தான் பார்ப்பாள். ஓட்டின் நிறம், கண்ணின் சிவப்பு எல்லாம் பிறகு. விரல்களை எண்ணி முடித்த பிறகுதான் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விடுவாள். பின்னால் மரலாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தாலும் எண்ணி முடிக்காமல் நகரமாட்டாள்.

நான் அவளோடு பதினேழு வருடம் ஒரே கடையில் வேலை பார்த்தவன். தெற்கு அலபாமாவில், ஃபுளோரிடா எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர் மாட்டுத்தீவனக் கடை. மூட்டை தூக்குவது என் வேலை. கல்லாவும், கடை ஓரத்தில் இருந்த பார்சல் கவுண்டரும் வெர்லீனுடையவை. காலையில் கடைக்கு வருகிறவர்களுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"மிஸ் வெர்லீன், இன்னிக்கு எத்தன விரலு?" என்பான் டெல்மர். மர அறுவை ஆலையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன்.

"உங்கிட்ட மிச்சம் இருக்கறத விடக் கொஞ்சம் ஜாஸ்தி" என்பாள், தலையைத் தூக்காமல். கடையிலேயே சத்தமாகச் சிரிக்கிறவன் டெல்மராகத்தான் இருப்பான்.

இந்தப் பழக்கம் அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் வந்தது. நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகங்களில் ஊர்வன பற்றிய ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ஓட்டைப் பெட்டி போல மூடிக்கொள்ளும் பெட்டி ஆமை ஒரே இனம்தான், அதற்குள் பல துணையினங்கள் என்று அதில் போட்டிருந்தது. கிழக்கத்திய ஆமைக்குப் பின்னங்காலில் நான்கு விரல். மேற்கே போனால் மூன்று. கடலோர ஆமை பெரியது, கறுத்தது, ஓட்டின் பின்விளிம்பு பாவாடை மாதிரி விரிந்திருக்கும். ஃபுளோரிடா ஆமைக்கு ஓடு முழுக்க மஞ்சள் கோடுகள். வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எல்லா நிறமும் கலந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது.

"அச்சடிச்சவன் மையக் கொட்டிட்டான்னு நெனச்சேன், பர்விஸ்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மழைக்கு பெட்டிக்ரூ ஓடைச் சாலையில் ஓர் ஆமையைப் பிடித்துப் பார்த்தாள். இடது பின்னங்காலில் மூன்று விரல். வலது காலில் நான்கு. ஒடிந்துபோயிருக்கும் என்று நினைத்துத் தடவிப் பார்த்தாள். ஒடிந்த தடம் இல்லை. பிறந்ததே அப்படி. அடுத்த வாரம் இன்னொன்று, அதுவும் அப்படியே. அதன் பின்விளிம்பு பாவாடையாக விரிந்திருந்தது, மேலே மஞ்சள் கோடும் ஓடியது. புத்தகத்தின் நான்கு பக்கங்களும் ஒரே ஓட்டுக்குள் இருந்தன. அன்று நடுச்சாலையில் வாயைத் திறந்தபடி நின்றதாகச் சொல்வாள்.

இருபத்தாறு வருடம் எழுதினாள். நீல அட்டை போட்ட நோட்டுகள். தேதி, இடம், இடது கால், வலது கால், ஓட்டின் படம். படத்தைக் கையால் வரைவாள். பிற்காலத்தில் செல்போனில் எடுத்து ஒட்டினாள். நெடுஞ்சாலைக்கு வடக்கே எல்லாம் நான்கு விரல். ஆற்றுக்கு மேற்கே எல்லாம் மூன்று. ரயில் பாலத்திலிருந்து ஓடை ஆற்றில் விழும் இடம் வரை, அந்த ஆறு மைலுக்குள் மட்டும் எல்லாம் கலந்தது. அங்கே தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ஆமைகள் யாரையும் கேட்காமல் தலைமுறை தலைமுறையாகக் கூடி முட்டையிட்டிருந்தன. வெர்லீன் அவற்றுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. "நம்ம ஆமைங்க" என்பாள்.

அவளுக்குக் கணவன் இருந்தான், போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. ஒன்பது வயது இளைய தம்பி ஹாலிஸ் இருந்தான். கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து முதுகு ஒடிந்து வீட்டோடு வந்தவன். நல்ல பேச்சுக்காரன். அக்கா வீட்டுக் கூரையை அவனே ஆள் வைத்து, கூடவே நின்று மாற்றிக் கொடுத்தான். ஆற்றில் மீன் பிடித்தால் முதல் பங்கு அவளுக்கு. வசந்த காலத்து ஞாயிறுகளில் தேவாலயம் முடிந்ததும் அவளோடு ஓடைக்கரையில் நடப்பான். முதுகு குனிய முடியாததால் கையில் ஒரு கோல் வைத்துக்கொண்டு இலைகளை விலக்குவான். அவள் குனிந்து எடுப்பாள்.

கடைசி மூன்று வருடமாக ஆமைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு வசந்தத்தில் தொண்ணூறு பார்த்த இடத்தில் அறுபது. அப்புறம் முப்பத்தைந்து. அதற்கடுத்த வருடம் பதினொன்று. வெர்லீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விவசாய அலுவலகத்துக்குப் போன் போட்டாள், மருந்தடிக்கிறவர்களை விசாரித்தாள். ஹாலிஸ் அவள் சமையலறை மேசையில் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே நோட்டுகளைப் புரட்டுவான்.

"மழ சரியில்லக்கா. ஓட வத்துனா அதுங்க என்ன பண்ணும்?" என்பான். அவளும் மழைக்கணக்கை எழுத ஆரம்பித்தாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பெண், ஃபுளோரிடா நம்பர் பிளேட் போட்ட காரில் வந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பார்சல் கவுண்டரில் வைத்தாள். கலிஃபோர்னியா முகவரி. உள்ளே என்ன என்றதற்குப் பீங்கான் தட்டு என்றாள். அவள் போய் அரைமணி நேரம் கழித்து வெர்லீன் என்னைக் கூப்பிட்டாள்.

"பர்விஸ், இங்க வா. காது குடுத்துக் கேளு."

காதை வைத்தேன். உள்ளே நகத்தால் அட்டையைச் சுரண்டும் சத்தம். நிற்கும், மறுபடி சுரண்டும்.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலி இவ்ளோ நிதானமாச் சொறண்டாது."

ஒப்படைத்த பார்சலைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. வெர்லீன் கத்தரியை எடுத்துக் கிழித்தாள். உள்ளே செய்தித்தாள் சுருள்களுக்கு நடுவே, வரிசையாக, ஆண்கள் போடும் வெள்ளைச் சாக்ஸ்கள். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, வாய்ப்பக்கம் பழுப்பு டேப் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. ஒரு சாக்ஸ் மட்டும் கிழிந்து, அதிலிருந்து ஒரு கால் வெளியே வந்து காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடத்தில் செத்த கன்றையும் நசுங்கிய நாயையும் தூக்கிப் போட்டிருக்கிறேன். சாக்ஸ் போட்டுக் கட்டிய உயிரைப் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். இருபத்துமூன்று பெட்டி ஆமைகள். இரண்டு செத்திருந்தன. மற்றவை அடியோட்டை மேலோட்டோடு சேர்த்து இறுக மூடிக்கொண்டு கல் மாதிரி கிடந்தன. தீவனத் தட்டத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தோம். வெர்லீன் எதிரே மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து ஒன்று திறந்தது. பின்னங்கால்களை நீட்டியது. வெர்லீன் குனிந்து எண்ணினாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கர்பிக்குப் போன் போடு."

கர்பி ஸ்டால்வர்த் எங்கள் வட்டாரத்தின் வனவிலங்கு அதிகாரி. கடைக்கு வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வெளிநாட்டில் வளர்ப்புக்கு விற்கிறார்கள் என்றார். பார்சல் கொண்டுவந்த பெண்ணை மறுநாளே பிடித்துவிட்டார்கள். யாரோ ஒருவன் போனில் சொல்கிறான், பெட்டியைப் பெட்ரோல் பங்கில் வைத்துவிட்டுப் போகிறான், இவள் அனுப்புகிறாள். அவனுடைய முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கர்பியின் அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கே டாக்டர் ஓல்சன் என்று ஓர் அம்மா, வடக்கிலிருந்து வந்தவர், ஆமை ஆராய்ச்சியாளர். தட்டங்களில் இருந்த ஆமைகளை ஒவ்வொன்றாக அளந்து முடித்திருந்தார்.

"எல்லாம் கலப்பு" என்றார். "மிஸிஸிப்பிலேர்ந்து ஜார்ஜியா வரைக்கும் கடலோரம் பூரா இப்படித்தான் கலந்து கெடக்கு. எந்த ஊருதுன்னு சொல்ல வழியே இல்ல. அதனால திருப்பி விடவும் முடியாது."

"முடியாதுன்னா?" என்றாள் வெர்லீன்.

"வேற எடத்துல விட்டா சொந்த எடத்தத் தேடி நடந்தே செத்துப்போயிரும்மா. நோயும் பரவும். வச்சுக்க யாராவது கெடச்சா சரி. இல்லன்னா..."

"இல்லன்னா கொன்னுருவீங்க."

"எனக்கு மட்டும் ஆசையா? வகைப்படுத்த முடியாத மிருகத்த எந்தக் கணக்குல வைக்கறது?"

வெர்லீன் எழுந்து நின்றாள். "எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்ப இந்த வட்டாரத்துல மூணு பள்ளிக்கூடம். வெள்ளக்காரங்களுக்கு ஒண்ணு, கறுப்பருக்கு ஒண்ணு, எதுலயும் சேத்தி இல்லாதவங்களுக்கு ஒண்ணு. அவரு மூணாவதுல படிச்சாரு. எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளைங்கறது அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு. கொஞ்சம் இருங்க."

காரிலிருந்து நோட்டுகளை வாரிக்கொண்டு வந்தாள். ஒரு நோட்டைப் பிரித்து மேசையில் வைத்து, தட்டத்திலிருந்த ஓர் ஆமையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஓட்டின் இடப்பக்கம் நெருப்பில் வெந்து தழும்பேறிய ஆமை. நோட்டிலும் அதே தழும்பு, அதே மஞ்சள் கோடு, இடது மூன்று, வலது நான்கு. தேதி ஒன்பது வருடம் பழையது. இடம், ரயில் பாலத்துக்குக் கீழே சாய்ந்த சைப்ரஸ் மரம்.

டாக்டர் ஓல்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒப்பிட்டோம். ஓர் ஆமை, ஒரு பக்கம், ஓர் ஆமை, ஒரு பக்கம். மத்தியானம் மூன்று மணிக்குள் பதினான்கு ஆமைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மிச்சமும் அதே கூட்டம்தான் என்று டாக்டரே சொன்னார். "அந்தக் கலப்புதான் இதுங்களோட முகவரி. நான் இருபது வருஷமா இத ஒரு பிரச்சினையாத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

கர்பியின் முகம் மட்டும் மலரவில்லை. "மிஸ் வெர்லீன், எடுத்தவன் சும்மா காட்டுக்குள்ள சுத்தி எடுக்கல. மரம் மரமாத் தெரிஞ்சவன். இந்த நோட்ட உங்களத் தவிர யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்ல" என்றாள் வெர்லீன்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வெளியே வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஓட்டு. ஹாலிஸ் வீட்டுக்கு. நான் தனியாப் போனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

"ஹாலிஸா? பைத்தியமா உனக்கு?" என்றேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஹாலிஸ் குனிந்து செருப்பு மாட்ட முடியாதவன்.

ஹாலிஸ் வீட்டுப் பின்புறம் படகுக் கொட்டகை. மணி மூன்றரை இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. குழந்தைகள் விளையாடும் நீலப் பிளாஸ்டிக் தொட்டி, அதில் தர்பூசணித் தோல், எட்டோ ஒன்பதோ ஆமைகள். பக்கத்தில் புதுச் சாக்ஸ் கட்டுகள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். ஓர் ஆள் நீளக் கம்பியின் முனையில் வளையம் வைத்துக் கட்டியிருந்தான். குனியாமல் எடுப்பதற்கு.

ஹாலிஸ் சிரித்துக்கொண்டே வந்தான். வெர்லீன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யக்கா, அந்தக் கிறுக்கச்சி ஒன் கடைக்கே கொண்டாந்து வைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

"எத்தன?" என்றாள் வெர்லீன்.

"எதுக்குக்கா அதெல்லாம்..."

"எத்தனடா?"

"மூணு வருஷத்துல நானூறு இருக்கும். கூடவும் இருக்கும்."

அவள் பக்கத்திலிருந்த படகின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மழ சரியில்லன்னு சொன்னியே" என்றாள். "எம் மேசயில ஒக்காந்து சொன்னியே. நான் மழைய அளந்து எழுதிட்டு இருந்தேன்டா, முட்டாச் சிறுக்கி மாதிரி."

"நல்ல ஆமைன்னா தொட்டிருக்க மாட்டேன். புத்தகத்துல இருக்கற சுத்த ஜாதி ஒண்ணக்கூட நான் தொடல, சத்தியமா. இதுங்க கலப்புதானக்கா. சர்க்காருக்கே இதுங்கள எதுல சேக்கறதுன்னு தெரியாது. வாங்கறவன்தான் சொன்னான், இந்த மாதிரிக் கோலம் ஒலகத்துல வேற எங்கயும் கெடைக்காதுன்னு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசாம். எம் முதுகுக்கு மாத்திர வாங்க வேணாமா? நீயா குடுத்த?"

"கேட்டியாடா?"

வெர்லீன் எழுந்து தொட்டியிலிருந்த ஆமைகளை ஒவ்வொன்றாக எடுத்து காரின் பின்சீட்டில் வைத்தாள். ஹாலிஸ் தடுக்கவில்லை. காரில் ஏறியதும் என்னைப் பார்த்து, "ஆஃபீஸ் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. சீக்கிரம் ஓட்டு" என்றாள்.

கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறவளை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது பாதி தூரத்தில்தான் எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பின்சீட்டில் நகம் சுரண்டிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

கர்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் பொய் சொன்னதையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் விழுந்தது. ஹாலிஸின் போனிலிருந்து எடுத்த படங்களை அடையாளம் காட்டக் கர்பி கூப்பிட்டார். நானும் போனேன். திரையில் முதல் படம் வந்தது. ஆமை இல்லை. வெர்லீனின் கையெழுத்து. நீலக்கோட்டுத் தாளில், தேதி, மரம், விரல். அடுத்த படமும் அவள் கையெழுத்து. அடுத்ததும். இருபத்துமூன்று வருட நோட்டுகள், ஒரு பக்கம் விடாமல். அவள் வேலைக்கு வந்திருந்த நாட்களில், மூன்று வருடத்துக்கு முன் கூரை மாற்றிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், அவள் சமையலறையில் வைத்தே எடுத்திருக்கிறான். சில படங்களின் ஓரத்தில் அவள் அவனுக்காகச் செய்து மூடி வைத்துவிட்டுப் போன பிஸ்கட் தட்டும் தெரிந்தது.

வெர்லீன் திரையைத் தொட்டாள். "நாந்தான் வழி போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள். பிறகு கர்பியின் குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

ஹாலிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பதினான்கு மாதம் தண்டனை. தீர்ப்பு நாளில் வெர்லீன் நீதிமன்றத்துக்குப் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி திரும்பிப் பார்க்கும்போது பார்க்க யாராவது இருக்க வேண்டும் என்றாள். அவன் திரும்பவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல ஆசைதான். பிரியவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரே பக்கம்தான். "ஒரு ஆமைக்காகவா?" என்று என்னிடமே கேட்டார்கள், அவள் காதில் விழும்படி. தேவாலயத்தில் அவள் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் தீவனம் வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். டெல்மர்கூட விரல் எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டான். அதுதான் அவளை அதிகம் தாக்கியது என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவளே, "என்ன டெல்மர், எண்ணறது மறந்துபோச்சா?" என்று கேட்டாள். அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆமைகள் ஒரு வருடத்துக்கு மேல் டாக்டர் ஓல்சனின் பராமரிப்பில் இருந்தன. ரத்தப் பரிசோதனை, நோய்ப் பரிசோதனை எல்லாம் தாண்டி, பார்சலில் வந்தவற்றில் பத்தொன்பது பிழைத்தன. கொட்டகையில் எடுத்தவற்றில் ஏழு. எந்த மரமென்று தெரிந்தவற்றை, நோட்டில் எழுதியிருந்த அதே மரத்தடியில், வெர்லீனே கொண்டுபோய் வைத்தாள். மற்றவற்றை ஓடைக்கரையில் விட்டோம். வெந்த தழும்புக்காரன் இல்லை, அவன் பரிசோதனைக் காலத்திலேயே செத்துவிட்டான். டாக்டர் அந்த ஆறு மைலைப் பற்றிக் கட்டுரை எழுத அனுமதி கேட்டார். ஊர்ப்பெயர், ஓடைப்பெயர், மரம் எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையில் வெர்லீன் சம்மதித்தாள். நானும் இங்கே ஓடையின் பெயரை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். நோட்டுகளை அவள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கே இருக்கின்றன என்று எனக்கும் தெரியாது. கேட்டதில்லை.

ஹாலிஸ் வெளியே வந்து மொபைல் என்ற கடற்கரை நகரத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். போன வருடம் அக்டோபரில் கடைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"பர்விஸ், அக்கா இருக்காளா?"

வெர்லீனிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். மறுபடி "ம்" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"ஜெயில்ல பைபிள் படிச்சானாம். மனசு சுத்தமாயிருச்சாம்."

"சரி, நல்லதுதான. மன்னிப்புக் கேட்டானா?"

"இல்ல" என்றாள் வெர்லீன். "அவன்தான் என்னைய மன்னிச்சுட்டானாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோழித்தீவனம் கேட்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். வெர்லீன் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று அவர் இரண்டாவது முறை சொன்ன பிறகும் அவளுக்குக் காதில் விழவில்லை. நானே போய் மூட்டையை எடுத்து வந்தேன்.